இருபத்தெட்டாம் எண் செய்தி

கண்ணாடிக்கடைக்காரருக்கு வயர்லெஸ் சங்கத்தில் 'திருத்தம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு எப்படியும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். கூட்டம் முடிந்து டீ குடிக்கப் போகலாமா என்று ஒருவர் கேட்டால்கூட, "அதுல ஒரு சின்னத் திருத்தம்" என்று எழுந்து நிற்கிற மனிதருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? நாள் முழுக்க மூக்குக் கண்ணாடி விற்பவர். உலகமே கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, தான் தொட்டால் தெளிந்துவிடும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

சங்கம் என்றால் பெரிய சங்கமில்லை. பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, வீட்டு மாடியில் ஆண்டெனா கட்டி, முன்பின் தெரியாதவர்களோடு பேசிப் பொழுதுபோக்குகிற முப்பது பேர். மற்ற நாட்களில் ஊர் இவர்களைக் கிறுக்கர்கள் என்று நினைக்கும். வெள்ளம் வந்து தொலைபேசியெல்லாம் வாயை மூடிக்கொண்டால், "அந்த வயர்லெஸ்காரங்க எங்கப்பா?" என்று தேடி வரும். இந்த முறையும் அப்படித்தான் வந்தது. மூன்று நாள் மழையில் ஆறு ஊரை இரண்டாகப் பிளந்துவிட்டது. பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. இக்கரையில் மேட்டிலிருந்த நூலகத்தின் வாசிப்பறையில் திருத்தம் தன் வயர்லெஸ் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை. அதன் கீழே காலையிலிருந்து அவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் அவர் மனைவி. பள்ளியில் ஆய்வகப் பொறுப்பாளர் வேலை. போகிற வருகிற செய்திகளை நேரம் போட்டு நோட்டில் பதிவது இன்று அவருடைய பொறுப்பு. கணவருக்குக் காது கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு அவரைக் கிண்டல் செய்வது இருபத்திரண்டு வருடமாக அவருடைய பொறுப்பு.

திருத்தத்தின் வாழ்நாள் சாதனை ஒரு பட்டியல். ஆபத்துக் காலத்தில் மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லக்கூடியதையெல்லாம் வாக்கியங்களாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டிருந்தார். இரைச்சலில் நீளமாகப் பேசினால் பாதி விழுங்கிவிடும், பேட்டரியும் தாங்காது. எண்ணை மட்டும் சொன்னால் போதும். அந்தப் பக்கத்து ஆள் தன் பட்டியலைப் பார்த்து, வாக்கியத்தைத் தாளில் எழுதி, உரியவரிடம் சேர்ப்பார். 'இங்கு அனைவரும் நலம், கவலை வேண்டாம்' என்பது ஒன்று. 'மருந்து தேவை' என்பது நான்கு. பத்துக்கு மேலே வாக்கியங்களை எதிரும் புதிருமாக, ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தார். 'அங்கேயே இருக்கவும்' என்பது ஓர் எண் என்றால், 'உடனே வெளியேறவும்' என்பது அடுத்த எண். "தேடுறதுக்கு எவ்வளவு சுலபம் பாரு" என்று மனைவியிடம் காட்டி மகிழ்ந்திருந்தார். பட்டியலுக்கு வெளியே சொந்த வார்த்தையிலும் அனுப்பலாம், ஆனால் இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் கூடாது. இன்னொரு விதி, வயர்லெஸ்காரர் செய்தியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவே கூடாது. எண்ணை வாங்கு, எழுது, கொடு, வாயை மூடிக்கொள்.

பன்னிரண்டரை மணிக்குத் தையல்கடை அம்மா உள்ளே நுழைந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தையல் எந்திரத்தை மாடிக்கு ஏற்றிவிட்டு நேரே வந்திருக்கிறார் என்று அவர் மூச்சு வாங்கியதிலேயே தெரிந்தது.

"சார், அந்தக் கரையில என் தங்கச்சி இருக்கா. படகுக்காரங்க ரெண்டு தடவை போய்க் கூப்பிட்டும் வர மாட்டேன்னுட்டாளாம். நாலு மணிக்கு நீர்த்தேக்கத்துல மதகு தொறக்கப் போறாங்களாமே?"

"ஆமாம்மா. தொறந்தா அரை மணி நேரத்துல ஆத்தங்கரைத் தெரு முழுக்கத் தண்ணிதான்."

"அவ வீடு அந்தத் தெருதான்."

"அப்ப உடனே ஒரு செய்தி எழுதுவோம். என்ன எழுதணும், சொல்லுங்க."

தையல்கடை அம்மா அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டார். பிறகு வேண்டாவெறுப்பாகச் சொன்னார். "நாங்க ஆறு வருஷமாப் பேசிக்கிறதில்ல."

கதை இதுதான். அவர்களைப் பெற்ற அம்மா விட்டுப்போன வீடு ஒன்று. பெரியவள் விற்றுப் பங்கு பிரிக்கலாம் என்றாள். சின்னவள் விற்க மாட்டேன் என்று அதிலேயே குடியிருக்கிறாள். இருவருக்கும் மூக்குக்கு மேல் கோபம், ஒருத்திக்கொருத்தி சளைத்தவளில்லை. படகில் ஏறி வெளியே வந்தால் வீடு கைவிட்டுப் போய்விடும், அக்கா பூட்டைப் போட்டுவிடுவாள் என்று சின்னவளுக்கு ஒரு பயம்.

"நானாப் போய் 'வாடி'ன்னு கெஞ்ச முடியாது சார். அவ பெரிய இவளாயிடுவா."

திருத்தத்தின் முகம் மலர்ந்தது. அவர் பட்டியல் இப்படிப்பட்டவர்களுக்காகவே அவதாரம் எடுத்தது. "நீங்க எதுக்கும்மா கெஞ்சணும்? எண்ணு கெஞ்சும். இதோ பாருங்க, பதினாறு. 'உடனே வெளியேறிப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்.' நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

"அட, இது நல்லா இருக்கே" என்றார் தையல்கடை அம்மா. பேசாமலேயே தங்கையை அதட்டலாம் என்று ஆறு வருடத்தில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அக்கரையில் வயர்லெஸ் வைத்திருந்தவர் பேக்கரிக்காரர். கடை மாடியில் அடுப்புக்கரி மூட்டைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்திருந்தார். திருத்தம் விலாசத்தைச் சொல்லி, "எண் பதினாறு. மீண்டும் சொல்கிறேன், பதினாறு. ஓவர்" என்றார். பேக்கரிக்காரர் கொஞ்சம் தயங்கியது போல இருந்தது. பிறகு, "பதினாறு. கிடைத்தது. படகுல குடுத்தனுப்புறேன். ஓவர்" என்றார்.

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. எண் இருபத்திரண்டு.

திருத்தம் பட்டியலைப் பார்த்துப் படித்தார். "'உங்கள் சொற்படி செய்ய இயலவில்லை.'"

"பாத்தீங்களா அவ திமிர? கழுத்தளவு தண்ணி வந்தாலும் 'இயலவில்லை'யாம்!" தையல்கடை அம்மா நாடாவைக் கழுத்திலிருந்து உருவி மேசைமேல் போட்டார். "வேற ஏதாவது நல்லாச் சுருக்குனு இருக்கா சார்?"

இருந்தது. இருபத்தெட்டு. 'வீட்டையும் உடைமைகளையும் எங்கள் பொறுப்பில் விட்டுவிடவும்.' அவளுக்கு வீட்டைப் பற்றித்தானே பயம், அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டால் இறங்கி வந்துவிடுவாள் என்று திருத்தம் விளக்கினார். தையல்கடை அம்மா அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்தார். அவருக்கு அது வேறொரு காரணத்துக்காகவும் பிடித்துப் போயிருக்கலாம். ஆறு வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதேதான். இதைப் படித்தால் சின்னவள் இறங்கி வருவாளா, கூரை மேல் ஏறுவாளா என்று திருத்தத்தின் மனைவிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்ற விதி நினைவுக்கு வரவே, இருபத்தெட்டு போன நேரத்தை மட்டும் நோட்டில் எழுதினார்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பேக்கரிக்காரர் மறுபடி பெட்டியில் வந்தார். "பதில் செய்தி. எண் நாப்பது. மீண்டும் சொல்றேன், நாப்பது. ஓவர்."

திருத்தம் பட்டியலைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை புரட்டினார். "பேக்கரி, நாப்பதுன்னு எண்ணே கிடையாது. பட்டியல் முப்பத்தொன்பதோட முடியுது. ஓவர்."

"இருக்கே சார். கடைசி வரி. 'உங்கள் அன்பை என்றும் மறவேன்.' ஓவர்."

"அது முப்பத்தொன்பது. ஓவர்."

"என் புத்தகத்துல நாப்பதுதான் போட்டிருக்கு. நீங்க குடுத்த புத்தகம்தானே சார். ஓவர்."

திருத்தத்தின் மனைவி பேனாவைக் கீழே வைத்தார். "ஏங்க, மூணு மாசத்துக்கு முன்னால நீங்க ஒரு வரிய எடுத்தீங்களே. அது எத்தனாவது?"

திருத்தத்துக்கு வியர்த்துவிட்டது. பழைய பட்டியலில் பதினொன்றாவது, 'பிறந்தநாள் வாழ்த்துகள்.' வெள்ளத்தில் எவன் பிறந்தநாள் கொண்டாடப் போகிறான் என்று ஆண்டுக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் வாதாடி, அதைத் தூக்கி எறிய வைத்தவர் அவர்தான். எறிந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கலாம். காலி இடம் அவர் கண்ணை உறுத்தியது. பின்னால் இருந்ததையெல்லாம் ஒவ்வோர் எண் முன்னால் நகர்த்தி, புதிதாக அச்சடித்து, எல்லோருக்கும் தபாலில் அனுப்பியிருந்தார்.

"பேக்கரி, நான் அனுப்பின புது புத்தகம் வரலையா? ஓவர்."

"கவர் வந்துச்சு சார். உங்க கவர்னா உள்ள திருத்தம்தான் இருக்கும்னு பிரிக்கல. ஓவர்."

மனைவி நோட்டை வேகமாகப் புரட்டிப் பார்த்தார். காலையிலிருந்து போன மற்ற செய்திகளெல்லாம் பத்துக்குள் இருக்கிற எண்கள், அதனால் அவை தப்பித்தன. மாட்டிக்கொண்டது அக்காவும் தங்கையும் மட்டும். பழைய பட்டியலில் பதினாறு என்பது 'தற்போதுள்ள இடத்திலேயே இருக்கவும், வெளியேற வேண்டாம்.' பழைய இருபத்திரண்டு, 'உங்கள் சொற்படியே செய்கிறேன்.' பழைய இருபத்தெட்டு, 'வீடும் உடைமைகளும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும்.'

"எனக்கும் முதல்லயே ஒரு மாதிரிதான் இருந்துச்சு" என்றார் பேக்கரிக்காரர் கேட்காமலே. "தெருவே மூழ்கப் போகுது, இந்தம்மா இருன்னு சொல்றாங்களேன்னு. அபிப்பிராயம் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் விதி போட்டீங்க. போன வருஷம் ஒரு தடவை சொன்னதுக்கு எனக்கு ரெண்டு பக்கம் கடிதம் எழுதினீங்க. ஓவர்."

திருத்தம் வாழ்க்கையில் முதல் முறையாகத் திருத்துவதற்கு எதுவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி இருபது. எழுந்து, தையல்கடை அம்மாவின் முன்னால் போய் நின்று, ஒன்று விடாமல் சொன்னார். எண்ணை நகர்த்தியது தான் என்பதையும் சொன்னார்.

தையல்கடை அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை.

"அப்ப வீடு அவளுக்குத்தான்னு நான் சொன்னதா நெனச்சுக்கிட்டாளா?"

"ஆமாம்மா."

"அதுக்குத்தான் 'அன்பை மறவேன்'னு அனுப்பினாளா?"

"ஆமாம்மா. உடனே எல்லாத்தையும் ரத்து பண்ணிடலாம். ரெண்டு செய்தியும் தவறுன்னு..."

"இருங்க சார்." தையல்கடை அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டுக்காக அவர் ஆறு வருடம் சண்டை போட்டிருக்கிறார். அந்த ஆறு வருடத்தில் தங்கையிடமிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை, யாரோ ஒரு பேக்கரிக்காரர் வாயால், தவறான எண்ணில் வந்திருக்கிறது. அது தன் காதில் விழுந்ததும் உள்ளே ஏதோ இளகிவிட்டது என்பதை அவரால் மறைக்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. "முதல் செய்திய ரத்து பண்ணுங்க. ரெண்டாவது இருக்கட்டும்."

"அது தவறாப் போன செய்திம்மா."

"போனா போகட்டும். வீடு அவளுக்குத்தான். அத ரத்து பண்ணாதீங்க."

திருத்தம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவை எடுத்தார். பட்டியலைத் தொட இப்போது அவருக்கே நம்பிக்கையில்லை, சொந்த வார்த்தையில் எழுதினார். 'முதல் செய்தி தவறு. அது ரத்து செய்யப்படுகிறது. உடனே வெளியேறிப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். இரண்டாவது செய்தியில் மாற்றமில்லை. இப்படிக்கு, அக்கா.' இருபத்தைந்துக்குள் அடங்கியது. பேக்கரிக்காரர் எழுதி வாங்கிப் படகில் அனுப்பினார்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குப் பேக்கரிக்காரர் கூப்பிட்டார். குரலில் களைப்புத் தெரிந்தது. "அந்தம்மா நம்பல சார். 'எங்க அக்கா இவ்வளவு மரியாதையா எழுத மாட்டா. ரத்து செய்யப்படுகிறதாம், மாற்றமில்லையாம். என்னை வெளிய இழுக்க நீங்க எல்லாரும் சேர்ந்து பண்ற தந்திரம் இது. எங்க அக்கா இருன்னு சொல்லிட்டா, இருப்பேன்'னு கதவைச் சாத்திட்டாங்களாம். முட்டி வரைக்கும் தண்ணியாம். படகுக்காரர் இன்னும் ஒரே தடவைதான் போக முடியும்ங்கிறார். ஓவர்."

திருத்தத்தின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "உங்க தமிழப் பாத்தா நானே ஏற மாட்டேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, தாளைப் பிடுங்கித் தையல்கடை அம்மாவின் முன்னால் வைத்தார். "அக்கா, நீங்க வீட்டுல எப்படித் திட்டுவீங்களோ, அப்படியே சொல்லுங்க. நான் எழுதுறேன்."

தையல்கடை அம்மாவுக்கு அதற்குப் பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை. ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது. மூச்சு விடாமல் சொன்னார். மனைவி எழுதி முடித்துத் தாளைக் கணவரிடம் நீட்டினார்.

திருத்தம் பழக்கதோஷத்தில் விரல் விட்டு எண்ணினார். "முப்பத்தேழு வார்த்தை இருக்கு. பன்னெண்டு அதிகம். இருபத்தஞ்சுக்கு மேல போனா செயலாளர் அனுமதி வேணும்."

"செயலாளர் யாரு?" என்று கேட்டார் தையல்கடை அம்மா.

"நான்தான்."

"அப்ப குடுங்க அனுமதிய!"

எதையாவது வெட்ட முடியுமா என்று அவர் ஒரு முறை படித்துப் பார்த்தார். முடியவில்லை. மைக்கை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமான நிதானமான குரலில் ஆரம்பித்தார்.

"செய்தி தொடங்குகிறது. ஏய் எரும. மீண்டும் சொல்கிறேன், எரும. ஓவர்."

"எனக்கா சார்? ஓவர்."

"உங்களுக்கில்ல, செய்தியில இருக்கு. ஒரு எழுத்து மாத்தாம எழுதுங்க. ஓவர்."

அவர் வார்த்தை வார்த்தையாகச் சொல்ல, அக்கரையில் பேக்கரிக்காரர் வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். நூலகத்தில் ஒதுங்கியிருந்த ஜனமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. 'அமைதி காக்கவும்' பலகையின் கீழே, ஊரில் மனைவியைத் தவிர யாரையும் 'நீ' என்றுகூடச் சொல்லாத கண்ணாடிக்கடைக்காரர் கத்தியது இதுதான்:

"ஏய் எரும, நான்தான்டி. சின்ன வயசுல குளத்துல விழுந்து என் சடையப் புடிச்சுக் கரையேறினவதானே நீ? இன்னிக்கு வரைக்கும் உனக்கு நீச்சல் தெரியாது. வீடு உனக்குத்தான். அதுல உக்காந்து சாகறதுக்கு இல்ல. படகுல ஏறு. ஏறலன்னா நானே நீந்தி வந்து உன் காதத் திருகி இழுத்துட்டு வருவேன். எனக்கும் நீச்சல் தெரியாது."

பேக்கரிக்காரர் முழுவதையும் திருப்பிப் படித்தார். ஓர் எழுத்து பிசகவில்லை. பிறகு, விதியை மீறி, "நல்ல செய்தி சார்" என்றார். திருத்தம் அவரைக் கண்டிக்கவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. தையல்கடை அம்மா அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். மூன்றரை ஆனது. மூன்றே முக்கால் ஆனது. திருத்தம் பேட்டரியைப் பார்த்தார், ஆண்டெனா கம்பியைப் பார்த்தார், எதிலும் குறையில்லை. குறை எங்கே என்று அவருக்குத் தெரியும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி இப்போது கிண்டல் செய்யவில்லை, அவர் முதுகில் கையை வைத்திருந்தார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பெட்டி பேசியது.

"ஏறிட்டாங்க சார். இப்ப என் கடை மாடியிலதான் இருக்காங்க, நனைஞ்சு போய். தாளப் படிச்சதும், 'இது எங்க அக்காவேதான்'னு சொல்லிட்டு அழுதாங்களாம். உங்க பக்கம் ஒரு செய்தி குடுத்திருக்காங்க. எண்ணெல்லாம் இல்ல, சொந்த வார்த்தைதான். எடுத்துக்கறீங்களா? ஓவர்."

"சொல்லுங்க. ஓவர்."

"'வீட்டைப் பூட்டிட்டேன். உனக்கும் ஒரு சாவி கொண்டு வர்றேன்.' அவ்வளவுதான். ஓவர்."

திருத்தம் அதைத் தாளில் எழுதி, எழுந்து போய், விதிப்படி இரண்டு கையாலும் தையல்கடை அம்மாவிடம் கொடுத்தார். அவர் வாங்கிப் பார்த்தார். எழுத்து கண்ணீரில் மங்கியதால் திருப்பிக் கொடுத்தார்.

"அம்மா செத்த மறுமாசம் பூட்ட மாத்திட்டா சார். எனக்கு சாவி தரல" என்றார். "நீங்களே ஒரு தடவை படிங்க."

அவர் படித்தார்.

"இன்னொரு தடவை" என்றார் தையல்கடை அம்மா. கண்ணாடிக்கடைக்காரர் இன்னொரு தடவை படித்தார்.